ஒரே நாடு, ஒரே துணி, இரண்டு கட்டளைகள்: இந்தோனேசியாவின் ஜில்பாப் கதை

1982 மார்ச்சில் இந்தோனேசியக் கல்வித்துறை ஓர் உத்தரவு போட்டது. அரசுப் பள்ளி மாணவர்கள் நாடு முழுக்க ஒரே மாதிரிச் சீருடை அணிய வேண்டும். அந்தச் சீருடையில் தலையை மூடும் துணிக்கு இடமில்லை. அதை மீறி முக்காடு போட்டு வந்த மாணவிகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். சிலர் பள்ளியை விட்டே போக வேண்டியிருந்தது.

2021 ஜனவரியில் அதே நாட்டில், மேற்குச் சுமத்ராவின் பாடாங் நகரில், ஓர் அரசுத் தொழிற்கல்விப் பள்ளி ஒரு மாணவியின் பெற்றோரை அழைத்தது. உங்கள் மகள் ஏன் முக்காடு போடுவதில்லை, இது பள்ளி விதி ஆயிற்றே என்று கேட்டது. அந்தப் பெண் கிறிஸ்தவர்.

நாற்பது வருடத்துக்குள் கட்டளை தலைகீழாகிவிட்டது. இரண்டு முறையும் சிக்கிக்கொண்டது பள்ளிக்கூடத்துப் பெண்தான். இடைப்பட்ட காலத்தில் யூடியூப் வந்தது, இன்ஸ்டாகிராம் வந்தது, முக்காடு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. "ஹிஜாப் என்பது கட்டாயமா, விருப்பமா?" என்ற கேள்வி நமக்கு 2022இல், ஹிஜாப் அணிந்த மாணவிகளை வகுப்பில் விடாத கர்நாடகத்தின் உடுப்பியிலிருந்து வந்தது. டிவி விவாதங்களில் நாலு பேர் கத்திவிட்டுப் போனார்கள். இந்த விஷயத்தை முதன்முதலாகப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு நான் இந்தோனேசியாவைத்தான் காட்டுவேன். 23 கோடிக்கும் மேல் முஸ்லிம்கள் வாழும் அந்த நாட்டில் தடை, கட்டாயம், ஃபேஷன், கேலி, நீதிமன்றம் என்று எல்லாமே ஒரே தலைமுறையின் கண்ணெதிரில் நடந்திருக்கிறது.

முதலில் பெயர்கள்

இந்தோனேசியாவில் தலையையும் கழுத்தையும் மூடும் துணிக்கு ஜில்பாப் என்று பெயர். அரபு நாடுகளில் இதே சொல் உடலை மூடும் நீண்ட மேலங்கியைக் குறிக்கும். கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஹிஜாப் என்ற சொல்லும் அங்கே பரவலாகியிருக்கிறது, முக்கியமாகக் கடைகளிலும் சமூக ஊடகங்களிலும். இந்த இரண்டுக்கும் முன்னால் இருந்தது கெருடுங்: மெல்லிய சால்வை, தலையில் லேசாகப் போட்டுக்கொள்வார்கள். முன்நெற்றி முடி தெரியும், கழுத்து தெரியும், அது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. நாட்டின் முதல் அதிபர் சுகர்ணோவின் மனைவி ஃபத்மாவதியின் பழைய படங்களைப் பார்த்தால் தெரியும். மார்க்கக் கல்வி நிலையங்களை நடத்திய பெரிய உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) மனைவிமாரே இப்படித்தான் போட்டிருந்தார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் ஒரு காலத்தில் பெண்கள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி போய், கறுப்பு புர்கா வந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் சாயல் பிடிபடும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? குர்ஆனில் இரண்டு வசனங்களை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 24:31, பெண்கள் தங்கள் முக்காட்டை மார்பின் மீது போட்டுக்கொள்ளச் சொல்கிறது. 33:59, வெளியே போகும்போது மேலங்கியைப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறது. பெரும்பான்மை அறிஞர்கள் இவற்றை வைத்து, முகமும் கைகளும் தவிர மற்றதை மூடுவது கடமை என்கிறார்கள். 24:31க்கு ஒரு வசனம் முன்னால், 24:30இல், ஆண்கள் தங்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. விவாதங்களில் அது மட்டும் எப்படியோ நினைவில் நிற்பதில்லை.

எல்லா அறிஞர்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவின் மிகப் பெரிய குர்ஆன் விரிவுரையாளர்களில் ஒருவரான குரைஷ் ஷிஹாப், இந்த விஷயத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று பல காலமாகச் சொல்லி வருகிறார். அவருடைய மகள் நஜ்வா ஷிஹாப் நாட்டின் பிரபலமான டிவி பத்திரிகையாளர், தலையை மூடுவதில்லை. இதற்காக அப்பாவும் மகளும் இணையத்தில் வாங்காத திட்டு இல்லை. முன்னாள் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிதின் மனைவி சிந்தா நுரியா, 2020இல் ஒரு யூடியூப் பேட்டியில், ஜில்பாப் முஸ்லிம் பெண்ணுக்குக் கட்டாயம் இல்லை என்றார். அவர் அப்போதும் பழைய பாணிக் கெருடுங்தான் போட்டிருந்தார். நாடே ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது.

தடை இருந்த காலம்

1980களில் சுகார்த்தோவின் ராணுவ ஆட்சி இஸ்லாமிய அரசியலைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. கெருடுங் பாட்டிமார் சமாச்சாரம், அதனால் ஆபத்தில்லை. கல்லூரி மாணவி கழுத்து வரை இறுக்கிக் கட்டும் ஜில்பாப்போ 1979இல் நடந்த ஈரான் புரட்சியின் வாடை அடிப்பதாக ஆட்சியாளர்களுக்குப் பட்டது. 1979க்குப் பிறகு வளாகங்களில் இஸ்லாமியப் படிப்பு வட்டங்கள் பெருகியதும் அந்தப் பயத்துக்குக் காரணம். அப்போது ஜில்பாப் போட்ட பெண் தன் குடும்பத்தையும், பள்ளியையும், அரசையும் எதிர்த்துக்கொண்டுதான் போட்டாள். பல பெற்றோர் மகளுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று தடுத்தார்கள்.

1989இல் ஒரு வதந்தி கிளம்பியது. ஜில்பாப் போட்ட பெண்கள் சந்தைகளில் உணவுப் பொருள்களில் விஷம் தூவுகிறார்கள் என்று. தெருவில் கூட்டம் கூடிப் பெண்களைப் பிடித்துச் சோதித்தது, அடித்தது. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் வதந்திக்குக் கால் முளைக்கத்தான் செய்தது.

1991 பிப்ரவரியில் தடை நீங்கியது. இஸ்லாமியர்களின் ஆதரவு தேவைப்பட்ட சுகார்த்தோ அதே ஆண்டு குடும்பத்தோடு ஹஜ்ஜுக்குப் போனார். அவருடைய மூத்த மகள் துதுத் முக்காட்டோடு பொது இடங்களில் தோன்றத் தொடங்கினார். எதிர்ப்பின் அடையாளமாக இருந்த துணி மரியாதைக்குரிய குடும்பத்துப் பெண்ணின் உடையாக மாறியது அங்கிருந்துதான்.

முக்காடு ஃபேஷன் ஆனது எப்படி

2010இல் ஜகார்த்தாவில் படித்த, வசதியான இளம்பெண்கள் சிலர் சேர்ந்து 'ஹிஜாபர்ஸ் கம்யூனிட்டி' என்று ஒரு குழு தொடங்கினார்கள். அதில் வடிவமைப்பாளர்கள் இருந்தார்கள்: டியான் பெலாங்கி, ரியா மிராண்டா, ஜெனஹாரா. டியானுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பலெம்பாங் ஊர்க்காரர், குடும்பத் தொழில் துணிச் சாயம். அந்த ஊரின் முடிச்சுச் சாய வண்ணங்களை அப்படியே முக்காட்டில் இறக்கினார். அதுவரை ஜில்பாப் என்றால் வெள்ளை, கறுப்பு, பழுப்பு. இவர்கள் ஆரஞ்சும் ஊதாவும் நீலமும் ஒரே தலையில் கட்டினார்கள்.

அவர்களைப் பரப்பியது கடை இல்லை, வீடியோ. யூடியூபில் 'ஹிஜாப் டுட்டோரியல்' என்று ஒரு வகையே உருவானது. ஒரு பெண் கேமரா முன் உட்கார்ந்து, நீளத் துணியை எடுத்து, இடது பக்கம் குட்டையாக விட்டு, வலது பக்கத்தைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து, காதருகே ஊசி குத்துவாள். பின்னணியில் மெல்லிய இசை. பேச்சே இருக்காது. பார்த்து அப்படியே கட்டிக்கொள்ளலாம். தடைக்காலத்தில் போடுவதற்குத் துணிச்சல் தேவைப்பட்ட ஒன்றுக்கு இப்போது கைப்பழக்கம் போதும்.

இந்தத் துணிகளின் உலகம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் வியாபாரம் இந்த விவரங்களில்தான் இருக்கிறது. சதுரத் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டுவது ஒரு வகை. நீளமான செவ்வகத் துணிக்கு அங்கே பஷ்மினா என்று பெயர்; காஷ்மீர் கம்பளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் செயற்கை இழைதான். தைத்து முடித்து அப்படியே தலையில் மாட்டும் 'இன்ஸ்டன்ட்' வகை, அவசரத்துக்கும் சமையலறைக்கும். இவற்றுக்கெல்லாம் அடியில், முடி வெளியே வராமல் பிடித்துக்கொள்ள ஒரு இறுக்கமான குல்லா: சிபுட். சிபுட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தலையில் போட்டால் நலுங்காமல் நிற்கும் 'வாயில்' (voile) என்ற மெல்லிய துணிக்குப் பெரிய மவுசு. அதன் ஓரத்தை லேசரால் வெட்டி, மூலையில் பிராண்டு பெயர் அச்சிட்டு, 'இந்த டிசைன் இத்தனை மட்டும்தான்' என்று விற்றால் பல லட்சம் ரூபியா (இந்தோனேசிய நாணயம்). ஜகார்த்தாவின் தானா அபாங் மொத்தச் சந்தையில் கிட்டத்தட்ட அதே அளவுத் துணி சில பத்தாயிரம் ரூபியாவுக்குக் கிடைக்கும். முக்காடு வர்க்கத்தை மறைக்கும், எல்லோரையும் சமமாக்கும் என்று ஒரு வாதம் உண்டு. மூலையில் இருக்கும் அந்தச் சிறிய எழுத்து தெரியும்படிதான் எல்லோரும் மடிப்பு வைக்கிறார்கள்.

2016 செப்டம்பரில் அன்னியேசா ஹசிபுவான் என்ற வடிவமைப்பாளர் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் தன் தொகுப்பைக் காட்டினார். மேடையில் நடந்த எல்லா மாடல்களும் முக்காடு அணிந்திருந்தார்கள். அந்த மேடையில் அதுவரை நடக்காத விஷயம். பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே ஆண்டு டொனால்ட் டிரம்ப் தேர்தல் பிரச்சாரத்தில் முஸ்லிம்களை நாட்டுக்குள் விடமாட்டேன் என்று முழங்கிக்கொண்டிருந்ததால், மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு இது வெறும் உடைச் செய்தியாக இருக்கவில்லை.

அடுத்த வருடம் அன்னியேசா கைதானார். அவரும் கணவரும் 'ஃபர்ஸ்ட் டிராவல்' என்ற பெயரில் உம்ரா எனும் மக்கா புனிதப் பயணத்துக்கான நிறுவனம் நடத்தி வந்தார்கள். மலிவு விலையில் மக்காவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி 63,000க்கும் மேற்பட்டவர்களிடம் பணம் வாங்கி, அனுப்பாமல் ஏமாற்றியிருந்தார்கள். 2018இல் டெபோக் நீதிமன்றம் அவருக்கு 18 ஆண்டும் கணவருக்கு 20 ஆண்டும் சிறை விதித்தது. இதை வைத்து ஹிஜாப் ஃபேஷனே மோசடி என்று சொல்வது அபத்தம். ஆனால் பக்தியும் பகட்டும் ஒரே கடையில் விற்கும்போது வாங்குகிறவர் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறார் என்பது தெரிகிறது. அந்த 63,000 பேரில் நிறைய பேர் வருடக் கணக்கில் சேமித்தவர்கள்.

இது போதுமா, இது சரியா

சரி, எல்லோரும் முக்காடு போட ஆரம்பித்துவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 'போட்டிருக்கிறாளா' என்ற கேள்வி 'எப்படிப் போட்டிருக்கிறாள்' என்று மாறியது.

2014இல் 'ஜில்பூப்ஸ்' என்று ஒரு கேலிச் சொல் பரவியது. தலையில் ஜில்பாப்பும் உடலில் இறுக்கமான சட்டையும் போட்ட பெண்களைக் குறிக்கும் கொச்சைச் சொல். ஃபேஸ்புக்கில் அந்தப் பெயரில் பக்கம் தொடங்கி, பெண்களின் படங்களைச் சேர்த்துப் போட்டார்கள். இந்தோனேசிய உலமா சபையின் தலைவர்கள் இப்படி உடுத்துவது கூடாது என்றார்கள். பெண்கள் சிலர் கேட்ட கேள்வி நேரானது: எங்கள் படங்களை அனுமதியில்லாமல் எடுத்து, அங்கங்களை உற்றுப் பார்த்து, ஊருக்குக் காட்டுகிறவர்களுக்கு அடக்கம் பற்றி யார் பாடம் எடுப்பது? எனக்கு அந்த முழு விவகாரத்திலும் அடக்கத்தைக் குலைத்தது அந்தப் பக்கத்தை நடத்தியவர்கள்தான் என்று தோன்றுகிறது.

இதற்கு எதிர்வினையாக 'ஷர்இ', அதாவது மார்க்கச் சட்டப்படியான, பாணி வளர்ந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் அகலமான முக்காடு, தொளதொள அங்கி, மங்கலான நிறங்கள். திரைப்பட, டிவி நட்சத்திரங்கள் 'ஹிஜ்ரா' போனதாக அறிவித்தார்கள். பழைய வாழ்க்கையை விட்டு மார்க்கத்தின் பக்கம் திரும்பினோம் என்று பொருள். ஃபேஷன் ஹிஜாப் ஆடம்பரம், அதை விட்டு வாருங்கள் என்பது இவர்களின் அழைப்பு. கொஞ்ச நாளிலேயே ஷர்இ முக்காட்டுக்கும் பிராண்டுகள், சீசன் தொகுப்புகள், நட்சத்திர விளம்பரங்கள் எல்லாம் வந்துவிட்டன. சந்தைக்கு எதிராகக் கிளம்புகிற எதையும் சந்தை இரண்டே வருடத்தில் மடித்து அலமாரியில் வைத்துவிடும்.

உச்சம் 2016. சோயா என்ற பிராண்டு தன் முக்காடுகளுக்கு ஹலால் சான்று பெற்றிருப்பதாக விளம்பரம் செய்தது. துணி தயாரிப்பில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பிலிருந்து எடுக்கும் பொருள் சேரக்கூடும் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் போட்டது ஹராமா என்று இணையமே சிரித்தது. நிறுவனம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

விருப்பம் என்றால் என்ன

இப்போது மையமான இடத்துக்கு வருவோம். ஹிஜாப் அணியும் பல பெண்கள் "இது என் விருப்பம்" என்கிறார்கள். அதைப் பொய் என்று ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை. 1980களில் அரசை எதிர்த்துப் போட்டவர்களின் விருப்பத்தை யார் சந்தேகிக்க முடியும்? ஆனால் விருப்பம் என்பதை அறிய எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். போடுவதைப் பார்க்காதீர்கள். எடுக்க நினைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். தடை இருக்கும் ஊரில் இதையே திருப்பிப் போட்டு, அணிய நினைத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். மாற்றிக்கொள்ளக் கொடுக்க வேண்டிய விலை எவ்வளவு என்பதுதான் அளவுகோல்.

இந்தோனேசிய நகைச்சுவை நடிகையும் தொகுப்பாளருமான ரினா நோஸ் 2017 நவம்பரில் முக்காட்டை எடுத்தார். போட ஆரம்பித்துச் சில காலம்தான் ஆகியிருந்தது. நாட்டில் வேறு செய்தியே இல்லாததுபோல் பேசினார்கள். பிரபலமான ஒரு பிரசங்கியார் மேடையில் அவருடைய மூக்கைக் கேலி செய்தார். முக்காட்டுக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் குறைவு, சிரித்தவர்கள் அதிகம்.

சமூக ஊடகத்தில் முக்காட்டையே தொழிலாக்கிக்கொண்டவர்களுக்கு விலை இன்னும் கூடுதல். பிரிட்டனைச் சேர்ந்த டினா டோர்கியா இதற்கு நல்ல உதாரணம். எகிப்தியத் தந்தையும் ஆங்கிலேயத் தாயும் உள்ள குடும்பம். ஹிஜாப் ஃபேஷன் வீடியோக்களின் முன்னோடிகளில் ஒருவர், லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். 2018 இறுதியில், இனி எப்போதும் அணிவதாக இல்லை, சில நேரம் போடுவேன், சில நேரம் போடமாட்டேன் என்றார். வந்து விழுந்த வசைகளைத் தொகுத்து, நாற்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும் வீடியோவாக, கேமராவைப் பார்த்து அமைதியாக ஒவ்வொன்றாகப் படித்தார். கொலை மிரட்டல்களும் அதில் இருந்தன. எழுதியவர்களில் பலர் நேற்று வரை அவரை 'சகோதரி' என்று அழைத்த ரசிகர்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் முக்காட்டை எடுத்தால் நாலு பேர் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். இணையத்தில் ஒருத்தியைப் பின்தொடரும் லட்சம் பேரில் பலர், அவளைப் பார்த்துத் தானும் போட்டுக்கொண்டவர்கள். அவள் விலகும்போது அவர்களுக்குக் கைவிடப்பட்டதுபோல் இருக்கிறது. பிராண்டு ஒப்பந்தங்களும் அந்தத் துணியை நம்பித்தான். ஆக, தலையில் இருப்பது நம்பிக்கை மட்டும் இல்லை, சம்பளமும்கூட. வேலையை விடாமல் எடுக்க முடியாத ஒன்றை முழு விருப்பம் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

எதிர்த்திசையிலும் விலை உண்டு. கென்யாவின் காகுமா அகதிகள் முகாமில் பிறந்த சோமாலிய அமெரிக்கர் ஹலிமா ஏடன், ஹிஜாப் அணிந்த மாடலாக உலகப் புகழ் பெற்றார். 2020 நவம்பரில் அந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக இன்ஸ்டாகிராமில் எழுதினார். காரணம் முக்காட்டை எடுக்கச் சொன்னார்கள் என்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். கழுத்து தெரிந்தது, துணி சுருங்கியது, ஒரு விளம்பரத்தில் முக்காட்டுக்குப் பதில் ஜீன்ஸ் பேன்ட்டையே தலையில் சுற்றிவிட்டார்கள். படப்பிடிப்பு அவசரத்தில் தொழுகை தவறியது. டினாவை விரட்டியது ரசிகர் கூட்டம் என்றால், ஹலிமா விஷயத்தில் அரித்தது தொழிலே. இருவரும் வெளியே வந்த வாசல்கள் வேறு. ஒருவர் குறைவாக மூட வந்தார், மற்றவர் சரியாக மூட வந்தார்.

டுட்டோரியல் என்ற பெயரில்

மறுபடி பாடாங். 1998இல் சுகார்த்தோ வீழ்ந்த பிறகு மாகாணங்களுக்கும் மாவட்டங்களுக்கும் அதிகாரம் பிரிந்தது. ஜனநாயகத்தின் நல்ல பலன்தான். அதைப் பயன்படுத்திப் பல உள்ளாட்சித் தலைவர்கள், ஓட்டுக்காகவும் நற்பெயருக்காகவும், உடை விதிகள் போட்டார்கள். ஆச்சே மாகாணத்தில் ஷரியா சட்டமே வந்தது. பாடாங் மேயர் 2005இல் பள்ளி மாணவிகள் முக்காடு அணிய வேண்டும் என்று அறிவுறுத்தல் வெளியிட்டார். 2021இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) வெளியிட்ட அறிக்கை, நாடு முழுக்க இதுபோல் அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் விதிகள் இருப்பதைக் காட்டியது.

பாடாங் மாணவியின் தந்தை பள்ளி அதிகாரியோடு பேசியதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். அது நாடெங்கும் பரவிய பிறகுதான் மற்ற கிறிஸ்தவ மாணவிகள் இத்தனை ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் முக்காடு போட்டுக்கொண்டு படித்தது வெளியே தெரிந்தது. ஃபேஷனைப் பரப்பிய அதே சமூக ஊடகம் இங்கே புகார்ப் பெட்டியாக வேலை செய்தது.

பிப்ரவரி 3 அன்று கல்வி, உள்துறை, மத விவகார அமைச்சர்கள் மூவரும் சேர்ந்து ஆணை வெளியிட்டார்கள்: ஆச்சே தவிர மற்ற இடங்களில் அரசுப் பள்ளிகள் மத உடையைக் கட்டாயப்படுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது. 1982 உத்தரவுக்கும் 2005 அறிவுறுத்தலுக்கும் சேர்த்து ஒரே பதில். மூன்று மாதம்தான் நீடித்தது. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் இனத்தாரின் மரபுச் சபை வழக்குப் போட, மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

2022 ஜூலையில் யோக்யகார்த்தா அருகே பந்துல் மாவட்டத்து அரசுப் பள்ளியில் சேர்ந்த ஒரு முஸ்லிம் மாணவி முக்காடு அணிவதில்லை. ஆலோசனை ஆசிரியர்கள் அறைக்கு அழைத்து அவள் தலையில் துணியைக் கட்டினார்கள். அவள் கழிப்பறைக்குப் போய் ஒரு மணி நேரம் அழுதாள். விசாரணை வந்தபோது பள்ளித் தரப்பு சொன்ன விளக்கம்: நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, ஹிஜாப் கட்டுவது எப்படி என்று டுட்டோரியல் காட்டினோம், அவ்வளவுதான். தலைமை ஆசிரியரையும் மூன்று ஆசிரியர்களையும் மாகாண ஆளுநரான சுல்தான் தற்காலிகமாகப் பொறுப்பிலிருந்து விலக்கினார். பத்து வருடம் முன்பு ஒரு பெண் கேமரா முன் சிரித்தபடி உட்கார்ந்து தோழிகளுக்குக் கற்றுக்கொடுத்தாளே, அந்த டுட்டோரியல், ஒரு விசாரணையில் வாக்குமூலமாகிவிட்டது.

2023 ஆகஸ்டில் கிழக்கு ஜாவாவின் லாமோங்கானில் ஒரு ஆசிரியை பத்துக்கும் மேற்பட்ட மாணவிகளின் முன்நெற்றி முடியை எந்திரத்தால் மழித்தார். இத்தனைக்கும் எல்லோரும் முக்காடு போட்டிருந்தார்கள். குற்றம், உள்ளே சிபுட் போடவில்லை என்பது. அந்தச் சிறிய குல்லா விதியில்கூடக் கட்டாயம் கிடையாது என்று பிறகு பள்ளியே ஒப்புக்கொண்டது. வீடியோக்களில் முடி நழுவாமல் இருக்க ஒரு யோசனையாக வந்தது எப்போது ஒழுக்கத்தின் அளவாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஒன்று. 2024 ஆகஸ்டில் புதிய தலைநகராகக் கட்டப்பட்டுவந்த நுசந்தாராவில் சுதந்திர தின விழா. கொடியேற்றும் அணிக்கு மாகாணத்துக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணுமாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்த ஆண்டு முக்காடு அணியும் 18 பெண்கள் அணியில் இருந்தார்கள். 13ஆம் தேதி பதவியேற்பில் 18 பேரும் முக்காடு இல்லாமல் நின்றார்கள். படங்கள் பரவின, கோபம் வெடித்தது. பயிற்சிக்குப் பொறுப்பான பஞ்சசீலக் கொள்கை (இந்தோனேசிய அரசின் அடிப்படைக் கொள்கை) வளர்ப்பு அமைப்பின் தலைவர், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார். சீருடை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதியை ஏற்பதாக, பத்தாயிரம் ரூபியா முத்திரை ஒட்டிய தாளில் அவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் சுயவிருப்பம் என்றார். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டார். 17ஆம் தேதி கொடியேற்றத்துக்கு அந்தப் பெண்கள் முக்காட்டோடு நடந்தார்கள். பாடாங்கை மாற்ற நினைத்த ஆணை ரத்தாகி அப்போது மூன்று வருடம் தாண்டியிருந்தது.